ஒயிட் டவுனை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி? புதுச்சேரிக்கு முதன்முறை வருவோருக்கு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டி, ஒயிட் டவுன் எனப்படும் பிரெஞ்சுப் பகுதியையும், வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியையும் ஒரே நாளில் கால்நடையாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது. உறவினர்களையும் நண்பர்களையும் இந்த வீதிகளில் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. எந்த இடத்துக்கு எந்த வேளையில் போவது என்பதில்தான் ஏறக்குறைய எல்லோரும் சறுக்குகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புறப்பட்டு, 11 மணிக்கு வந்து சேர்ந்து, காரை நிறுத்த இடம் தேடி அரைமணி நேரத்தைத் தொலைத்து, அரவிந்தர் ஆசிரம வாசலுக்குப் போகும்போது அது மூடும் நேரமாகிவிடும். அடுத்துப் போகும் கோவிலில் நடை சாத்தியிருப்பார்கள். மிஞ்சுவது, உச்சி வெயிலில் மஞ்சள் சுவர் ஒன்றின் முன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த நான்கு படங்கள். கீழே உள்ள வரிசை இந்த நிலை நேராமல் இருப்பதற்காக அமைக்கப்பட்டது.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒன்று நல்லது. திங்கட்கிழமை புதுச்சேரி அருங்காட்சியகம் இயங்காது. நண்பகலுக்கு முந்தைய நேரத் திட்டம் அதனாலேயே குலைந்துவிடும். சனி, ஞாயிறுகளில் வீதிகள் நிரம்பி வழியும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மட்டும் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து, நாள்காட்டியில் சில தேதிகளைக் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை ஆசிரமத்தின் தரிசன நாள்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அன்பர்கள் வருவதால், அந்நாள்களையொட்டி விடுதி அறைகள் கிடைப்பது அரிது. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் நீண்ட வரிசையும் இருக்கும். சுதந்திர தினத்திலும், புதுச்சேரியின் விடுதலை நாளான நவம்பர் 1 அன்றும் கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு நடைபெறுவது வழக்கம் என்பதால் அங்கே நினைத்தபடி நடக்க முடியாது. புத்தாண்டுக்கு முந்தைய இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை நடப்பதற்கு ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை எந்த நாளையும் முழுதாக விழுங்கிவிடலாம்.

2. முந்தைய நாள் மாலையே வந்து தங்குங்கள்

இந்தத் திட்டம் விடியலுக்கு முன் தொடங்குகிறது. அன்று காலையில் வெளியூரிலிருந்து புறப்பட்டு வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். பிரெஞ்சுப் பகுதிக்குள்ளேயே தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மிஷன் வீதியை ஒட்டித் தங்கினாலும் கால் மணி நேரத்துக்குள் கடலை அடைந்துவிடலாம்.

கார் வைத்திருப்பவர்கள் அதை விடுதியிலேயே விட்டுவிடுவது நல்லது. வீதிகள் குறுகலானவை, பல ஒருவழிப் பாதைகள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மூன்று வீதிகளைச் சுற்றி வர வேண்டும். இரயிலில் வருகிறவர்களுக்கு நிலையம் தெற்குப் புறத்தில் சுப்பையா சாலையை ஒட்டியே இருப்பதால் வசதி அதிகம். பேருந்து நிலையம் மேற்கே சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள்.

3. வரைபடத்தைத் திறப்பதற்கு முன் ஊரின் அமைப்பை மனத்தில் பதியவையுங்கள்

பழைய நகரம் ஒரு நீள்வட்டம். கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை ஆகியவை அதன் விளிம்பு. உள்ளே வீதிகள் எல்லாம் சதுரங்கப் பலகையைப் போல நேராக வெட்டிக்கொள்கின்றன. வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே உள்ளதுதான் ஒயிட் டவுன். வாய்க்காலிலிருந்து கடல்வரை நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது.

திசை குழம்பினால் ஏதேனும் ஒரு குறுக்கு வீதியின் நடுவில் நின்று இரு பக்கமும் பாருங்கள். ஒரு முனையில் கட்டடமோ மரமோ இல்லாமல் வெறும் வானம் தெரியும். அதுதான் கிழக்கு, கடல் அங்கேதான் இருக்கிறது. கைப்பேசியைவிட இது விரைவாக வழிகாட்டும்.

புதியவர்கள் உண்மையில் தடுமாறுவது பெயர்களில். ஒரே வீதிக்குப் பிரெஞ்சுப் பெயர் ஒன்று, அரசு வைத்த பெயர் ஒன்று, ஊர் வாயில் புழங்கும் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கக்கூடும். லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று வரைபடம் காட்டுவதை ஆட்டோ ஓட்டுநர் புஸ்ஸி வீதி என்பார். குபேர் அவென்யூ என்பது எல்லோருக்கும் பீச் ரோடுதான். தூய தேவதூதர்களின் அன்னை தேவாலயத்துக்கு வழி கேட்டால் விழிப்பவர், கப்ஸ் கோவில் என்றதும் கையை நீட்டிவிடுவார். மிஷன் வீதியில் உள்ள பேராலயம், ஊராருக்குச் சம்பா கோவில். எனவே நீங்கள் போக விரும்பும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, தண்ணீர், தொப்பி, சிறிய துணிப்பை ஆகியவை போதும். கயிறு கட்டும் காலணி வேண்டாம், ஏனென்றால் காலையிலேயே பலமுறை கழற்ற வேண்டியிருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடையாக இருந்தால் கோவிலிலும் தேவாலயத்திலும் ஆசிரமத்திலும் சங்கடம் இராது.

5. காலை 5.30: கடற்கரைச் சாலையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து முடியுங்கள்

மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை கடற்கரைச் சாலையில் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. மாலையில் அதே சாலை மனிதர்களால் நிரம்பிவிடுவதால், சாலை உங்களுக்கே சொந்தமாகக் கிடைப்பது விடியலில்தான். பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 5.45-க்கும் 6.35-க்கும் இடையில் சூரியன் உதிக்கும். கடல் கிழக்கே இருப்பதால் உதயத்தை நேராகவே பார்க்கலாம். அத்தமனத்தைப் பார்க்க மாலையில் இங்கே வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

வடக்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச் சின்னம், காந்தி சிலை ஆகியவற்றைக் கடந்து தெற்கு முனையில் உள்ள துய்ப்ளேக்ஸ் சிலைக்கு வந்து சேரும்போது வெளிச்சம் நன்றாகப் பரவியிருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டிய வீதிகள் அந்தத் தெற்கு முனையிலிருந்துதான் தொடங்குகின்றன. தெற்கே தொடங்கினால் வந்த வழியே திரும்ப நடக்க நேரும்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் 8 கற்றூண்களுக்கு அருகில் சென்று, அவற்றின் செதுக்கல் வேலையைப் பாருங்கள். சிலையைப் படமெடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவதால், தூண்களைப் பார்த்தவர்கள் குறைவு. கரையில் குவித்திருக்கும் கருங்கற்கள் மீது இறங்க வேண்டாம். பாசி படிந்து வழுக்கும், இடுக்குகளும் ஆழமானவை.

6. காலை 6.45: தெற்கு வீதிகள்

நாளின் மிக முக்கியமான பகுதி இதுதான். ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். துய்மா வீதியில் நுழைந்து வடக்கே நடந்து, குறுக்கு வீதி ஒன்றில் மேற்கே திரும்பி, ரோமன் ரோலன் வீதியில் தெற்கே இறங்கி, பிறகு சுய்ப்ரேன் வீதி வழியாக மீண்டும் வடக்கே ஏறுங்கள். இப்படி வளைந்து வளைந்து நடந்தால் ஒரே வீதியை இருமுறை மிதிக்காமல் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

துய்மா வீதியில் முதலில் நிற்க வேண்டிய இடம் கப்ஸ் கோவில். 1855-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தத் தேவாலயத்தின் முகப்பு கடலைப் பார்த்து நிற்கிறது. இளங்காலை வெயில் அதன் மேல் நேராக விழும் ஒரு மணி நேரத்தில் இளஞ்சிவப்புச் சுவர் முழுவதும் ஒளிர்கிறது. பிற்பகலில் அதே முகப்பு நிழலில் மங்கிக் கிடக்கும். எதிரே உள்ள சிறு தோட்டத்தில், ஜோன் ஆஃப் ஆர்க் சிலைக்குப் பின்னால் நின்று பார்த்தால் முகப்பு முழுமையாகத் தெரியும்.

வெளிச்சத்தின் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் நாள் முழுவதும் உதவும். வடக்கு தெற்காக ஓடும் வீதிகளில், காலையில் கிழக்கு வரிசை வீடுகள் நிழல் தரும். அவற்றுக்கு எதிரே உள்ள மேற்கு வரிசைச் சுவர்களில் வெயில் விழும். ஆகவே கிழக்கு ஓரமாக நடந்துகொண்டே மேற்கு வரிசையைப் பாருங்கள், படமெடுங்கள். பிற்பகலில் இது அப்படியே தலைகீழாகும். வீடுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாடிகளே கொண்டவை என்பதால் 10 மணிக்குமேல் நிழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நடுப்பகலில் எந்தப் பக்கமும் இருக்காது.

நிறத்திலும் ஒரு குறிப்பு இருக்கிறது. மஞ்சள் பூசி வெள்ளைக் கரையிட்ட சுவர்கள்தான் எல்லோரும் தேடுபவை. ஆனால் நடக்கும்போது, வெளிர் சாம்பல் நிறமும் வெள்ளைக் கரையுமாகப் பல கட்டடங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அவை பெரும்பாலும் ஆசிரமத்தைச் சேர்ந்தவை. வாசலில் பலகை இல்லாவிட்டாலும் இந்த நிறமே அடையாளம். அது தெரிந்தபின், வடக்கே போகப்போகச் சாம்பல் நிறம் பெருகுவதை நீங்களே கவனிப்பீர்கள்.

இங்கே நிகழும் பெரும் தவறு, இது ஒரு படப்பிடிப்புத் தளம் என்று நினைத்துக்கொள்வது. இந்தக் கதவுகளுக்குப் பின்னால் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசற்படியில் அமர்ந்து கால்மேல் கால் போட்டுப் படமெடுப்பவர்களைத் தாண்டி, பால் பாத்திரத்தோடு வீட்டுக்குள் போகக் காத்து நின்ற ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொண்டையைச் செருமினார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று சுவரைப் படமெடுங்கள்; திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

7. காலை 8 மணி: சிற்றுண்டி

புஸ்ஸி வீதியை எட்டும்போது பசித்திருக்கும். பேக்கரி, காபிக் கடை, இட்லிக் கடை எதுவானாலும் 45 நிமிடங்களுக்குள் முடியுங்கள். புகழ்பெற்ற உணவகங்களில் இருக்கைக்காகக் காத்திருக்க வேண்டி வந்தால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் அடுத்த கட்டம் முழுவதையும் வெயிலுக்குள் தள்ளிவிடும். கழிப்பறையை இங்கேயே பயன்படுத்திக்கொள்வதும் அவசியம், ஏனென்றால் வீதிகளில் பொதுக் கழிப்பறைகள் குறைவு.

8. காலை 9 முதல் 12 வரை: முதலில் செருப்பு கழற்றும் இடங்கள், பிறகு மற்றவை

வடக்குப் பகுதியில் உள்ள நான்கு இடங்களை இந்த வரிசையில் பாருங்கள்: பாரதி பூங்கா, ஆசிரமம், மணக்குள விநாயகர் கோவில், அருங்காட்சியகம். பூங்காவுக்கு மிக அருகில் இருப்பது அருங்காட்சியகம்தான் என்பதால், அதை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஆசிரமத்திலும் கோவிலிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டும். 11 மணிக்குமேல் தரை சுடும். குழந்தைகளும் முதியவர்களும் துள்ளிக்கொண்டே ஓடுவார்கள். அருங்காட்சியகம் கூரைக்குக் கீழ் இருப்பதால் வெயில் ஏறிய பிறகு போவதற்கு அதுவே பொருத்தம்.

பூங்காவில் நடுவே உள்ள வெள்ளை ஆயி மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் போதும். வடக்கே இருக்கும் ராஜ் நிவாஸை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

ஆசிரமம் காலை 8 முதல் 12 வரையும், பிற்பகல் 2 முதல் 6 வரையும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பெரியவர்களில் யார் முதலில் உள்ளே போவது, யார் பூங்காவில் குழந்தையோடு இருப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் நின்று வாதாடிப் பயன் இல்லை. உள்ளே முழு அமைதி வேண்டும், கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். ஸ்ரீ அரவிந்தர், ஸ்ரீ அன்னை ஆகியோரின் சமாதியைப் பூக்களால் அலங்கரித்திருப்பார்கள். சுற்றி அமர்ந்திருப்பவர்கள் தியானத்தில் இருப்பதால், நீங்களும் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுவது முறை.

கோவில் அங்கிருந்து சில நிமிட நடை. லட்சுமி யானையிடம் ஆசி வாங்கியதை நினைவில் வைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2022 நவம்பர் 30 அன்று இறந்துவிட்டது, குழந்தைகளிடம் முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

அருங்காட்சியகத்தில் நேரம் குறைவாக இருந்தால் பிரெஞ்சு அறைகலன்களை வேகமாகக் கடந்து, அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களிடம் நில்லுங்கள். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த ஆற்றங்கரைத் துறையிலிருந்து வந்த ஜாடி ஓடுகளும் மணிகளும், இந்த ஊரின் அயல்நாட்டுத் தொடர்பு பிரெஞ்சுக்காரரோடு தொடங்கவில்லை என்பதைக் கண்முன் வைக்கின்றன.

9. நண்பகல் 12.30 முதல் 3.30 வரை: நிறுத்துங்கள்

சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள். இதைச் சோம்பலாக நினைத்து மறுக்கிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. இந்த நேரத்தில் கோவில் மூடியிருக்கும், கடைகளில் பலவும் மதியத்துக்கு அடைத்துவிடும், வீதியில் நிழலும் இருக்காது. உணவகங்களின் சமையலறை பிற்பகல் 3 மணியளவில் ஓய்ந்துவிடுவது வழக்கம் என்பதால் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த இடைவெளியில் ஆரோவில்லுக்குப் போய்வந்துவிடலாம் என்பது மிகப் பழைய தவறு. அது வடக்கே 10 கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ளது. அங்குள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரின் உள்ளே போக முன்பதிவும் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் தேவை.

10. பிற்பகல் 3.30: வாய்க்காலைக் கடந்து தமிழ்ப் பகுதிக்குப் போங்கள்

பெரும்பாலோர் இந்தப் பகுதியைப் பார்க்காமலே ஊருக்குத் திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால், மஞ்சள் சுவர்களில் ஒரு வீதியைக் குறைத்துக்கொண்டாவது இங்கே வர வேண்டும்.

முதலில் ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். அருங்காட்சியகமாக உள்ள இந்த வீடு மாலையோடு மூடப்படும் என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தார். வேகமாக நடப்பவர்கள் பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு வைசியாள் வீதி. இங்கே வீடுகளை வாசலிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். கீழே தெருவோரமாகத் தாழ்வாரம், மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக்கூரை. அதற்கு உட்புறம் வழிப்போக்கரும் அமரக்கூடிய திண்ணை. நடுவில் செதுக்கிய நிலையும் கதவும். தலையை உயர்த்தினால் மேல்மாடியில் வளைவுச் சன்னல்களும் சுவரோடு ஒட்டிய தூண்களும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சு வீடு ஒன்று தொடங்கும். ஒரே சுவரில் இரண்டு ஊர்கள். காலையில் தெற்கு வீதிகளில் கண்ட உயர்ந்த மதிலையும் மூடிய வாயிலையும் நினைவில் வைத்துப் பார்த்தால், தெருவைப் பார்த்து வீடு திறப்பதற்கும் முதுகு காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கும். தமிழ்ப் பகுதியை மாலையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று வெளிச்சம்: கிழக்கு மேற்காக ஓடும் இந்த வீதிக்குள் சாயும் வெயில் நீளவாக்கில் நுழைந்து, தாழ்வாரத் தூண்களின் நிழலைத் திண்ணையில் வரிசையாகக் கிடத்தும்.

திண்ணை பொது இடம்போலத் தோன்றினாலும், இன்று அது வீட்டாருடையது. உட்கார வேண்டுமென்றால், "இங்க கொஞ்சம் உட்காரலாமாங்க?" என்று கேளுங்கள். எனக்கு இதுவரை மறுப்பு வந்ததில்லை. இரண்டு முறை தண்ணீரும் வந்தது.

அங்கிருந்து மிஷன் வீதிக்குத் திரும்பிச் சம்பா கோவிலைப் பார்த்துவிட்டு நேரு வீதி வழியாகக் கிழக்கே நடந்தால் வாய்க்காலைத் தாண்டிக் கடலுக்கே வந்துவிடுவீர்கள். நேரு வீதியில் இருக்கும் பெரிய மார்க்கெட் காலையில் களைகட்டும் இடம். மாலையில் அதன் பாதிதான் தெரியும் என்பதால், மறுநாள் ஊருக்குப் புறப்படும் முன் போங்கள்.

11. மாலை 6 மணிக்குப் பிறகு: மீண்டும் கடற்கரை

வாகனங்கள் நின்றவுடன் சாலை நிரம்பத் தொடங்கும். காந்தி சிலையைச் சுற்றி நெரிசல் அதிகம். தெற்கு முனையில் காற்றும் இடமும் ஓரளவு கிடைக்கும். 2014-இல் மழையில் இடிந்து விழுந்து, பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்ட மேரி (பழைய நகராட்சி மன்றம்) கட்டடத்தை விளக்கொளியில் பாருங்கள். காலையில் கடலையே பார்த்து நடந்ததில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும்.

12. திட்டம் பிசகினால் எதை வெட்டுவது

தாமதமாக எழுந்துவிட்டால் கடற்கரை நடையை வெட்டுங்கள், தெற்கு வீதிகளை வெட்ட வேண்டாம். கடலை மாலையில் மீட்டுக்கொள்ளலாம், காலை வெளிச்சத்தை மீட்க முடியாது. ஆசிரமம் காலையில் தவறினால் பிற்பகல் 2 மணிக்கு விரையாமல் 5 மணிக்குமேல் போங்கள், தரை ஆறியிருக்கும். மழை பிடித்துக்கொண்டால் அருங்காட்சியகத்தையும் பாரதியார் வீட்டையும் முதலில் முடித்துவிட்டு, மழை விட்ட அரைமணி நேரத்தில் வைசியாள் வீதிக்குப் போங்கள். ஓட்டுக்கூரை விளிம்பிலிருந்து அப்போதும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும், தாழ்வாரத்தின் கீழ் நனையாமல் நடக்கலாம்.

மிதிவண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் அசல் அடையாள அட்டையைக் கடையில் விட்டுவராமல் நகலைக் கொடுங்கள். மாலையில் கடை அடைக்கும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.